இன்ஜின் கட்டிய பிறகு கத்தும் பெல்ட்: ஓர் அம்பாசிடரின் புல்லிகளை ஒரே கோட்டில் நிறுத்திய அனுபவம்

இன்ஜினைப் பிரித்துக் கட்டி வெளியே எடுத்த வண்டியில் ஃபேன் பெல்ட் கத்தத் தொடங்கினால், நம் ஊரில் முதலில் மாற்றப்படுவது பெல்ட்தான். அதற்கும் அடங்காவிட்டால் பெல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் யாராவது ஒருவர் சலவை சோப்புக் கட்டியை ஓடும் பெல்ட்டின் விளிம்பில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, தீர்ந்தது என்று கையைத் துடைத்துக்கொள்வார். எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு இந்த மூன்று வைத்தியமும் நடந்தது. மூன்றும் முடிந்த பிறகும் பெல்ட்டின் ஒரு விளிம்பில் நூல் பிரிந்து தொங்கியது. நெடுஞ்சாலையில் சற்று வேகம் பிடித்ததும் பெல்ட் காடியை (புல்லியில் அது ஓடும் பள்ளத்தை) விட்டு ஏறிப் புரண்டு, சார்ஜ் விளக்கு எரிந்தது. பெல்ட் எந்தத் தவறும் செய்யவில்லை, அது ஓட வேண்டிய பாதைதான் கோணலாக இருந்தது என்பதை நிறுவவும், அந்தக் கோணலை வரிசையாக எடுக்கவும் நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1985ஆம் ஆண்டின் மார்க் 4 பெட்ரோல். அதன் 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் உருவாக்கிய பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டிலும் எம்ஜிஏ 1500 காரிலும் ஓடிய அதே அளவு இன்ஜின்தான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் பல பத்தாண்டுகள் அம்பாசிடரில் ஏறியது. இதன் முன்பக்கம் மிக எளிமையானது. கீழே கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டு) புல்லி, நடுவில் வாட்டர் பம்பும் ஃபேனும் சேர்ந்த புல்லி, பக்கவாட்டில் டைனமோ என்று மூன்றே புல்லிகள். மூன்றையும் ஒரே வி-பெல்ட் (V எழுத்துபோல் சரிந்த பக்கங்கள் கொண்டது) முக்கோணமாகச் சுற்றி வருகிறது. பெல்ட்டைத் தானாக இறுக்கும் டென்ஷனரோ, பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் ஐட்லரோ கிடையாது. அதனால் ஒரு புல்லி முன்னே பின்னே நகர்ந்தால் அதை ஈடுகட்டித் தர வேறு எந்தப் பாகமும் இல்லை.

இந்த இன்ஜின் வேலையில் என்னென்ன மாறின என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழைய கிராங்க் ஏற்கெனவே கடைசி அண்டர்சைஸ் வரை, அதாவது இனிமேல் சிறிதாக்க முடியாத அளவு வரை, கிரைண்டிங் செய்யப்பட்டிருந்ததால், சென்னை புதுப்பேட்டையில் தேடி, நல்ல நிலையில் இருந்த வேறொரு கிராங்க் வாங்கப்பட்டது. டைமிங் செயினும் இரண்டு பல்சக்கரங்களும் புதிதாகப் போடப்பட்டன. வாட்டர் பம்ப் புதியது. இரவில் ஹெட்லைட்டையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டால் டைனமோ தாங்கவில்லை என்பதால், அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தச் சொல்லியிருந்தோம். போரிங்கும் பிஸ்டனும் வால்வும் பெல்ட்டுக்குச் சம்பந்தமில்லாதவை. ஆனால் நான் மேலே சொன்ன நான்கு மாற்றங்களும் பெல்ட்டின் பாதையை நேரடியாகத் தொடுபவை. மூன்று புல்லிகளும் ஒரே நேரத்தில் இடம் மாறியிருக்கக்கூடிய வண்டியில், எந்தப் புல்லி சரியாக இருக்கிறது என்று கேட்பதற்கே ஒரு நிலையான ஆதாரம் இல்லாமல் போய்விடுகிறது. வேலை செய்த பட்டறையில் எல்லோரும் ஆல்டர்னேட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதுதான்.

அளக்கப் போவதற்கு முன், சத்தம் எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் கத்தும், பாதை கோணலாக இருந்தாலும் கத்தும். வழுக்கும் பெல்ட் நீளமாகக் கிறீச்சிடும். ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதித்தாலோ விளக்குகளைப் போட்டு ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏற்றினாலோ அது அதிகமாகும். கோணலாக ஓடும் பெல்ட் குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் கீச்சிடும். ஐடிலில் தனித்தனியாகக் கேட்கும் கீச்சுகள் வேகம் கூடக் கூட நெருங்கிவரும். இதை உறுதிசெய்ய எளிய வழி, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது. சத்தம் சட்டென நின்று, தண்ணீர் உலர்ந்ததும் திரும்பி வந்தால் பாதையில் கோணல். தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் பெரிதானால் பெல்ட் தளர்வு. எங்கள் வண்டியில் சத்தம் நின்றது, திரும்பி வந்தது. இந்தச் சோதனையின்போது தோளில் துண்டோ தொங்கும் சட்டைக்கையோ இருக்கக் கூடாது என்பதையும், கையால் தெளிக்காமல் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலைக் கொண்டு எட்ட நின்று தெளிக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அம்பாசிடரின் ஃபேனுக்கு மறைப்பு எதுவும் இல்லை.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது அதுவே பாதிக் கதையைச் சொல்லியது. முன்பக்கச் சரிவு கண்ணாடிபோல் பளபளத்தது. பின்பக்கச் சரிவில் துணி பிய்ந்து நூல் வெளியே தெரிந்தது. ஃபேன் புல்லியின் பின்னால் வாட்டர் பம்பின் உடம்பில் கருப்பு ரப்பர்த் தூள் மாவுபோல் படிந்திருந்தது. பெல்ட்டின் அடிப்பாகம் தேயாமல் இருந்தது என்பதையும் கவனித்தோம். வி-பெல்ட் இரண்டு சரிவுகளின் பிடிப்பில்தான் சக்தியைக் கடத்துகிறது. அதன் அடி, காடியின் அடியைத் தொடவே கூடாது. காடியின் அடி பளபளவென்று இருந்தால், பெல்ட் அந்தப் புல்லிக்கு ஒல்லியானது அல்லது காடியே தேய்ந்து அகன்றுவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு நேராக்கினாலும் பயன் இல்லை. எங்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

எவ்வளவு கோணல் பொறுக்கத்தக்கது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வி-பெல்ட்டுக்குப் பொதுவாக அரை டிகிரி வரை விடலாம் என்பார்கள். அதாவது இரண்டு புல்லிகளுக்கு இடையில் ஒரு மீட்டர் தூரம் இருந்தால் 8 முதல் 9 மில்லிமீட்டர் வரை விலகலாம். காரில் எங்கே இருக்கிறது ஒரு மீட்டர்? கிராங்க் புல்லிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையில் கால் மீட்டர் இருந்தால், அதே அரை டிகிரி அங்கே 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிடுகிறது. புல்லிகள் நெருங்க நெருங்க, கண்ணுக்குத் தெரியாத விலகல்கூடப் பெரிய கோணமாகிறது. 'ரெண்டு மில்லிதானுங்க, பெல்ட்டு பழகிக்கும்' என்று எங்களிடம் சொன்னவர் விவசாய மோட்டாரில் நீண்ட பெல்ட்டுகளைப் பார்த்துப் பழகியவர். அவர் பார்த்த இடத்தில் அது உண்மைதான்.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வழக்கமாக ஒரு ஸ்கேலையோ நூலையோ இரண்டு புல்லிகளின் முகத்தில் வைத்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு புல்லிகளின் விளிம்புத் தகடும் ஒரே தடிமனாக இருந்தால் மட்டுமே அது சரியான அளவைத் தரும். எங்கள் வண்டியில் கிராங்க் புல்லியும் ஃபேன் புல்லியும் அழுத்தித் தயாரித்த மெல்லிய தகட்டால் ஆனவை. ஆல்டர்னேட்டர் புல்லியோ கனமான விளிம்பு கொண்டது. முகங்கள் ஒரே கோட்டில் வந்தால் காடிகள் விலகியிருக்கும். நேராக வேண்டியது காடியின் நடுக்கோடு, புல்லியின் முகம் அன்று.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இதற்குச் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பழைய பேரிங்கை உடைத்து, ஒரே அளவுள்ள எஃகுக் குண்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். காடியின் வாயைவிடச் சற்றே பெரிய குண்டாகப் பார்த்து எடுத்தால், அது இரண்டு சரிவுகளையும் தொட்டு, பாதிக்கு மேல் வெளியே தெரியும்படி உட்காரும். ஒவ்வொரு காடியிலும் ஒரு குண்டைக் கிரீஸ் தடவி ஒட்டி வைத்தால், காடி அகலமாக இருந்தாலும் ஒடுக்கமாக இருந்தாலும் குண்டின் மையம் காடியின் நடுக்கோட்டில்தான் நிற்கும். பிறகு ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்றிவிட்டு, நேரான கனத்த ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் இரண்டு இடத்தில் நன்றாகப் படியும்படி பிடித்துக்கொண்டு, ஸ்கேலிலிருந்து ஒவ்வொரு குண்டின் முன்பக்கம் வரை உள்ள ஆழத்தை வெர்னியரின் வால் முனையால் அளக்க வேண்டும். கிராங்க் புல்லியின் குண்டுக்கு வந்த அளவைவிட மற்றவற்றுக்கு எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு அவை பின்னே இருக்கின்றன. இந்த முறையில் எங்களுக்குக் கிடைத்தது: ஃபேன் புல்லி 2 மில்லிமீட்டர் பின்னே, ஆல்டர்னேட்டர் 4 மில்லிமீட்டர் பின்னே. கால் மீட்டர் தூரத்தில் 4 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 0.9 டிகிரி. பெல்ட் புரண்டதில் வியப்பில்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் கை தானாக ஆல்டர்னேட்டரை நோக்கித்தான் போகும். அதை 4 மில்லிமீட்டர், ஃபேனை 2 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் கணக்கு முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றதை நகர்த்தும் முன், அந்த அளவுகோல் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டு புல்லிகளும் பின்னே போயிருக்கின்றனவா, அல்லது கிராங்க் புல்லி முன்னே வந்திருக்கிறதா? புதிய இடத்திலிருந்து வந்த கிராங்க் இருக்கும்போது இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதலில் பார்த்தது கிராங்கின் முன்பின் ஆட்டம். இந்த இன்ஜினில் நடு மெயின் பேரிங்கின் இருபுறமும் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள்தான் கிராங்கை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கின்றன. கிராங்க் புல்லியின் முகத்தில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) நிறுத்தி, ஒருவர் கிளட்சை மிதித்து விட, மற்றவர் முள்ளைப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். பி-சீரிஸுக்குச் சொல்லப்பட்ட அளவு 2 முதல் 3 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, மில்லிமீட்டரில் 0.05 முதல் 0.08க்குள். எங்களுடையது அதற்குள் இருந்தது. இது பெல்ட்டைப் பாதிக்கும் அளவு அன்று. ஆனாலும் த்ரஸ்ட் வாஷர் போடாமலோ திருப்பிப் போட்டோ கட்டிய இன்ஜின்கள் உண்டு என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றை அளப்பது வீண் வேலை.

அடுத்ததுதான் உண்மையான காரணம் இருந்த இடம். இந்த இன்ஜினின் கிராங்க் மூக்கில் பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்: முதலில் மெல்லிய வாஷர்கள், அவற்றின் மேல் டைமிங் பல்சக்கரம், பிறகு எண்ணெயை வீசியெறியும் தட்டு, அதற்கு வெளியே புல்லியின் கழுத்து, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும் பெரிய போல்ட். அந்த மெல்லிய வாஷர்கள் வெறும் இடைநிரப்பிகள் அல்ல. கிராங்க் பல்சக்கரமும், வால்வுகளை இயக்கும் தண்டின் கேம் பல்சக்கரமும் ஒரே தளத்தில் நின்றால்தான் டைமிங் செயின் நேராக ஓடும். அந்தத் தளத்தைச் சரிசெய்யத்தான் அவை வைக்கப்பட்டிருக்கின்றன. கிராங்கோ பல்சக்கரமோ மாறினால், இரண்டு சக்கரங்களின் பற்களின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியை அளந்து, எத்தனை வாஷர் வேண்டும் என்று புதிதாகக் கணக்கிட வேண்டும். எங்கள் இன்ஜினைக் கட்டியவர்கள் பழைய கிராங்கில் இருந்த வாஷர்களை அப்படியே எடுத்துப் புதிய கிராங்கில் போட்டிருந்தார்கள். பழையதில் எத்தனை இருந்ததோ அத்தனையையும் திருப்பிப் போட வேண்டும் என்பது பட்டறைகளில் நல்ல பழக்கமாகத்தான் கற்றுத் தரப்படுகிறது. அந்தப் பழக்கமே இங்கே இடறிவிட்டது.

டைமிங் கவரைத் திறக்கக் கிராங்க் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதன் மடிப்புத் தகட்டை முதலில் நிமிர்த்தி, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துத்தான் அது அசைந்தது. கவரை எடுத்துவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது, கிராங்க் பல்சக்கரம் கேம் பல்சக்கரத்தைவிட 0.7 மில்லிமீட்டர் முன்னே நின்றது. வாஷர்களை வேண்டிய அளவுக்குக் குறைத்ததும் பல்சக்கரமும் புல்லியும் ஒன்றாகப் பின்னே வந்தன. பெல்ட்டின் சத்தத்தைத் தேடிப் போன இடத்தில், சில ஆயிரம் கிலோமீட்டரில் டைமிங் செயினைத் தின்றிருக்கக்கூடிய கோளாறு கிடைத்தது என்பது எனக்கு இன்றும் நினைக்க ஆறுதலான செய்தி. ஆல்டர்னேட்டரை மட்டும் தள்ளி வைத்திருந்தால் சத்தம் நின்றிருக்கும், செயின் உள்ளே தேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

கவரைத் திரும்பப் போடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. கவரில் இருக்கும் ஆயில் சீல், புல்லியின் கழுத்தைச் சுற்றிச் சரியாக மையத்தில் இருக்க வேண்டும். கவரின் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகி வைத்து, புல்லியின் கழுத்தில் எண்ணெய் தடவிச் சீல் வழியாக உள்ளே செலுத்தி, கவர் தானாக மையத்துக்கு வந்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். முதலில் கவரை இறுக்கிவிட்டுப் பிறகு புல்லியை அடித்து ஏற்றினால் சீலின் ஒரு பக்கம் நசுங்கி எண்ணெய் கசியும். அந்த எண்ணெய் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி, புதிதாக ஒரு வழுக்கல் தொடங்கும். எண்ணெய் வீசும் தட்டைத் திருப்பிப் போடாமல் இருப்பதும் முக்கியம். விட்டே விட்டால் எண்ணெய்க் கசிவோடு, புல்லி அதன் தடிமன் அளவுக்கு உள்ளே போய்விடும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

கிராங்க் புல்லி இடத்துக்கு வந்த பின் அது தள்ளாடுகிறதா என்று பார்த்தோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜின் கையாலேயே சுற்றும். அம்பாசிடரில் ஹேண்டில் போடும் வசதி இருப்பதால் இது இன்னும் எளிது. விளிம்பின் பக்கவாட்டில் டயல் கேஜை வைத்து ஒரு சுற்று சுற்றியதில் முள் 1 மில்லிமீட்டருக்கு மேல் போய் வந்தது. விளிம்பில் ஓரிடத்தில் தகடு வளைந்திருந்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, யாரோ இரண்டு லீவர்களைப் பின்னால் கொடுத்து நெம்பிக் கழற்றியிருக்கிறார்கள் என்று. தகட்டுப் புல்லியைப் புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும், அதுவும் கழுத்தைப் பிடித்து, விளிம்பைப் பிடித்து அல்ல. லேத்தில் மாட்டி நேராக்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னார். தட்டி நிமிர்த்திய தகடு எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், வேறொரு நல்ல புல்லி வாங்கிவிட்டோம். தள்ளாடும் புல்லியை வைத்துக்கொண்டு விலகலை அளந்தால், நிறுத்திய நிலையைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வரும். புல்லியை அரைச் சுற்று திருப்பி இரண்டு அளவுகள் எடுத்துச் சராசரி பார்ப்பது அதனால்தான். முதலில் எடுத்த 2, 4 என்ற எண்கள் அப்படி எடுத்தவையே.

இப்போது அளவுகள் குறைந்தன: ஃபேன் புல்லி 1.3, ஆல்டர்னேட்டர் 3.3 மில்லிமீட்டர் பின்னே. ஃபேன் புல்லியின் கோளாறு புதிய வாட்டர் பம்பில் இருந்தது. பழைய பம்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால், இரண்டையும் பக்கத்தில் வைத்து, பேக்கிங் உட்காரும் முகத்திலிருந்து புல்லி உட்காரும் தட்டு வரை அளந்து பார்க்க முடிந்தது. புதியதில் தட்டு அச்சில் சற்று ஆழமாக அழுத்தப்பட்டிருந்தது. இன்ஜின் வேலை முழுவதுமாக முடிந்து ஓடும் வரை பழைய பாகங்கள் எதையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தட்டை இழுத்து வெளியே கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது வேண்டாத வேலை. அந்தத் தட்டும் அச்சும் உள்ளே சுழலும் இம்பெல்லரும் ஒரே வரிசையில் அழுத்தப்பட்டவை. ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் சீலின் அழுத்தமும் இம்பெல்லரின் இடைவெளியும் மாறிவிடலாம். அதற்குப் பதிலாக, தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் வைக்க, நான்கு போல்ட் துளைகளோடு 1.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வட்டத் தகடு வெட்டி வாங்கினோம். தட்டின் நடுவில் புல்லியை மையப்படுத்தும் சிறு உதடு, தகடு வைத்த பிறகும் புல்லியின் துளைக்குள் பிடிக்கிறதா, போல்ட்டுகள் போதிய அளவு மரை ஏறுகின்றனவா, ஃபேன் ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றுகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் இறுக்கினோம்.

ஆல்டர்னேட்டரின் கதை வேறு. டைனமோவின் முன்காது (போல்ட் மாட்டும் துளையுள்ள நீட்சி) வாட்டர் பம்பின் உடம்பில் உள்ள காதிலும், பின்காது பிளாக்கில் மாட்டிய பிராக்கெட்டிலும் தொங்கும் அமைப்பு அது. ஆல்டர்னேட்டர் குட்டையாகவும் காதுகள் வேறு இடத்திலும் இருந்ததால், பட்டறையில் மெல்லிய பட்டைத் தகட்டை வளைத்துப் புதிய பிராக்கெட் ஒன்றைப் பற்ற வைத்திருந்தார்கள். பெல்ட் இல்லாதபோது ஆல்டர்னேட்டர் நேராக நின்றது. பெல்ட்டைப் போட்டு இறுக்கியதும் அந்தத் தகடு முறுக்கிக்கொண்டு, புல்லியின் மேல்பக்கம் முன்னே சாய்ந்தது. இதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், ஆல்டர்னேட்டர் புல்லியின் முகத்தில் மட்டும் ஸ்கேலைப் படிய வைத்து, அதன் மறுமுனை கிராங்க் புல்லிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பெல்ட் இல்லாமலும் பெல்ட் இறுக்கியும் பார்த்தோம். ஸ்கேலின் முனை கண்ணெதிரே நகர்ந்தது. முன்பின் விலகலை வாஷரால் தீர்க்கலாம், சாய்வை வாஷரால் தீர்க்க முடியாது. புல்லிகளை எப்போதும் பெல்ட் தன் முழு இறுக்கத்தில் இருக்கும்போதே கடைசியாக அளக்க வேண்டும் என்பதை நான் கற்றது இந்த இடத்தில்தான்.

பிராக்கெட்டை 8 மில்லிமீட்டர் தகட்டில், முட்டுக்கொடுத்துப் பற்றவைத்துப் புதிதாகச் செய்தோம். பற்றவைத்தால் தகடு இழுத்துக்கொள்ளும் என்பதால், துளைகளை வெல்டிங் முடிந்த பிறகே போட்டோம். மீதமிருந்த 3.3 மில்லிமீட்டரைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் இருந்தன: அச்சில் புல்லிக்குப் பின்னால் ஒரு வளையம் போட்டுப் புல்லியை மட்டும் வெளியே தள்ளலாம், அல்லது ஆல்டர்னேட்டரின் உடம்பையே முன்னே கொண்டுவரலாம். முதல் வழி எளிது. ஆனால் புல்லி முன்பேரிங்கிலிருந்து விலக விலக அதன் மேல் சுமை கூடும், நட்டுக்குக் கிடைக்கும் மரையும் குறையும். அதனால் காதுகளுக்கு நடுவில் வைக்கும் புஷ்களை (குழல் வடிவ இடைவளையங்களை) லேத்தில் புதிய நீளத்துக்குக் கடைந்து, உடம்பையே முன்னே நகர்த்தினோம். புஷ்ஷின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதால், அவற்றை ஒரே பிடியில் முகம் வெட்டித் தரச் சொன்னோம். கடையில் கிடைக்கும் வாஷர்களை எண்ணி அடுக்கினால், அவை ஒவ்வொன்றின் வளைவும் சேர்ந்து மறுபடியும் ஒரு சாய்வைத் தந்துவிடும். காதுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் சிறிதளவு இடைவெளியை விட்டுவிட்டு, போல்ட்டின் வலிமையால் அதை மூட முயல்வதும் கூடாது. ஆல்டர்னேட்டரின் காது அலுமினிய வார்ப்பு. எஃகுபோல் வளையாமல், ஒரு நாள் அடிப்பகுதியில் விரிசல் விட்டு உடையும். பல ஆல்டர்னேட்டர்களின் பின்காதில் நகரும் புஷ் ஒன்றை வைத்திருப்பது இந்த இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்வதற்காகத்தான். துருப்பிடித்து இறுகிய புஷ்ஷைக் கழற்றி, கிரீஸ் தடவி நகர வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லாம் முடிந்து குண்டுகளை வைத்து அளந்தபோது, மூன்று காடிகளும் அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டன. புதிய பெல்ட்டைப் போடும் முன், காடிகளில் ஒட்டியிருந்த சோப்பையும் ரப்பர்த் தூளையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தெடுத்தோம். கோணலில் ஓடித் தேய்ந்த பெல்ட்டின் சரிவுகள் சமமற்றவை என்பதால், பழைய பெல்ட்டை நேரான புல்லிகளில் போட்டு சோதிப்பதில் பொருளில்லை. நெம்புகோலால் பெல்ட்டைக் காடிமேல் ஏற்றவும் கூடாது; ஆல்டர்னேட்டரை முழுவதும் உள்ளே தள்ளிப் பெல்ட்டைக் கையால் போடும்படி இருந்தால்தான் உள்ளே இருக்கும் நூல்கள் அறுபடாமல் இருக்கும்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. இந்த இன்ஜினுக்கு, மிக நீளமான ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர் அளவு அசைய வேண்டும். அதைவிட இறுக்கினால் கோணலால் வரும் சத்தம் சில நாள் அமுங்கிவிடும் என்பது உண்மை; வாட்டர் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் முன்பேரிங்கும் அதற்கான விலையைக் கொடுக்கும். முதலில் கத்தியபோது இறுக்கியவர்கள் எங்கள் புதிய பம்புக்குக் கெடுதல் எதையும் செய்துவிடவில்லை என்பதை, அதன் அடியில் உள்ள சிறு கசிவுத் துளை உலர்ந்து இருப்பதைப் பார்த்துத்தான் உறுதிசெய்துகொண்டோம். புதிய பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் காடியில் படிந்து சற்றுத் தளரும். அதன் பிறகு ஒரு முறை இறுக்கத்தைச் சரிபார்த்து, பிராக்கெட்டின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கினால் போதும்.

பல வரிப்பள்ளங்கள் கொண்ட தட்டையான பெல்ட் ஓடும் இன்றைய கார்களில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. அங்கே மூன்றில் ஒரு டிகிரிதான் எல்லை, ஒரு மீட்டருக்கு 5, 6 மில்லிமீட்டர் என்று வரும். அவற்றில் பிராக்கெட்டுகள் தொழிற்சாலையில் அச்சாகச் செய்யப்பட்டவை என்பதால் வாஷர் வைத்து நேராக்கும் பேச்சுக்கு இடமில்லை. கோணல் வந்தால் வேறு மாடலின் ஐட்லர் மாட்டியிருக்கிறார்களா, டென்ஷனரின் கை அச்சில் தேய்ந்து சாய்ந்திருக்கிறதா, பவர் ஸ்டியரிங் பம்பின் புல்லி அச்சின் முனை வரை சரியாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் புல்லியின் நடுவில் ரப்பர் வளையம் உள்ள வண்டிகளில், அந்த ரப்பர் பிடிப்பு விட்டு வெளிவளையம் மெல்ல முன்னே ஊர்ந்துவருவதும் உண்டு. உள் மையத்திலும் வெளி வளையத்திலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, சில நாள் ஓட்டிய பிறகு கோடு பிரிந்திருக்கிறதா என்று பார்த்தால் வளையம் சுற்றில் வழுக்குவது தெரிந்துவிடும். முன்னே ஊர்வதை அறிய, மையத்திலிருந்து வளையத்தின் முகம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை அளந்து குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.